வாத்திய கோஷ்டியை நேரில் கேட்போம்

'ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் சொல் நம் ஊரிகத்தில் எல்லோரும் அறிந்த சொல்லே. திருவிழா இரவில் மேடை கட்டி, இருபுறமும் ஒலிபெருக்கிகளை அடுக்கி, கீபோர்டும் கிதாரும் டிரம்ஸும் முழங்க, இரண்டு மூன்று பாடகர்கள் சினிமாப் பாடல்களைப் பாடும் மெல்லிசைக் கச்சேரிக்கே நாம் அப்பெயரை வழங்கி வருகிறோம். அக்கச்சேரிகளை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். சிறு வயதில் மணல்மேட்டில் அமர்ந்து விடிய விடியக் கேட்டவர்களுள் நானும் ஒருவன். எனினும் இம்மாதம் நான் எழுதக் கருதியது அச்சொல்லின் மற்றொரு பொருளைப் பற்றியதாகும். வயலின், வயோலா, செல்லோ, புல்லாங்குழல், ஓபோ, டிரம்பெட் முதலிய கருவிகளோடு இருபது பேர் முதல் நூறு பேர் வரையில் ஒன்றாக அமர்ந்து, ஏட்டில் எழுதிவைத்த இசையை, ஒருவருடைய கைக்கோலின் குறிப்புக்கு இணங்க, ஒலிபெருக்கியின் துணையின்றி வாசிக்கும் வாத்திய கோஷ்டியையே குறிப்பிடுகிறேன்.

இத்தகைய கச்சேரிகள் பெங்களூர்க் கல்லூரி அரங்குகளில் அவ்வப்போது நடைபெறுகின்றன. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம் குடும்பங்களுள் பலவற்றுக்குச் சோறிடுவது மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ரயில்வண்டியே. பயணச்சீட்டு ஜன்னலுக்கு உட்புறம் அமர்ந்திருப்பவனாதலால் இதனை நான் நாள்தோறும் கண்ணால் காண்கிறேன். அந்நகரில் வேலை பார்க்கும் நம்மவர்கள், கல்லூரி வாயிலில் ஒட்டியிருக்கும் கச்சேரி விளம்பரத்தை நின்று படிப்பதும் உண்டு. படித்துவிட்டு, 'இது நமக்கு உரியதன்று' என்று மேலே நடந்துவிடுகிறார்கள்.

ஏன் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். கிடைத்த விடைகள் மூன்று. ஒன்று: 'அது வெள்ளைக்காரன் சங்கீதம், நமக்கும் அதற்கும் என்ன உறவு?' இரண்டு: 'ஒன்றும் தெரியாமல் போய் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன்?' மூன்று: 'வேண்டுமானால் கைப்பேசியிலேயே கேட்கலாமே, அதற்காக ரயிலேற வேண்டுமா?' மூன்றும் நேர்மையான கேள்விகள். ஆகையால் ஒவ்வொன்றாக விடை கூற முயல்கிறேன்.

முதலில் உறவைப் பார்ப்போம். பல கருவிகளைக் கூட்டி இசைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. அதற்குப் 'பல்லியம்' என்று சங்க காலத்திலேயே பெயர் இருந்தது. நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவரே இருந்தார். அவர் பாட்டு புறநானூற்றில் உள்ளது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஆடும்போது குழலும் யாழும் தோற்கருவிகளும் ஒன்றையொன்று தொடர்ந்து இசைத்த முறையை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திக் கூறியிருக்கிறார். பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த வயலினை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று அதனை அயல்நாட்டு வாத்தியம் என்று சொல்வார் யார்? 1952ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி 'வாத்திய விருந்தா' என்ற பெயரில் தேசிய வாத்திய கோஷ்டி ஒன்றை அமைத்தபோது, ரவிசங்கருடன் அதனை நடத்தியவர் டி. கே. ஜயராமய்யர் என்னும் தமிழ்நாட்டு வயலின் வித்துவான்.

அண்மைச் செய்தி ஒன்றும் உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்து, தம் அண்ணன் பாவலர் வரதராசனுடைய குழுவில் மேடை மேடையாக ஆர்மோனியம் வாசித்துத் திரிந்த இளையராஜா, தாம் எழுதிய சிம்பொனியை 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் நாள் லண்டனில் அரங்கேற்றினார். வாசித்தவர்கள் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராவினர். நம் தெருமுனை மேடைக்கும் அந்த லண்டன் மேடைக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரே மனிதர் தம் வாழ்நாளில் நடந்து கடந்துவிட்டார்.

இவற்றையெல்லாம்விடத் தங்கவயல்காரர்களாகிய நமக்கு நெருங்கிய உறவு மற்றொன்று உண்டு. அது நம்மில் பலர் அறியாதது. லண்டன் நகரத்துப் பில்ஹார்மோனியா என்னும் புகழ்பெற்ற வாத்திய கோஷ்டி 1945ஆம் ஆண்டில் வால்டர் லெக் என்பவரால் தொடங்கப்பட்டது. யுத்தம் முடிந்த காலம், பொருள் முடை. அப்போது கை கொடுத்தவர் நம் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார். 1948இல் அக்கோஷ்டியின் கச்சேரிச் சபைக்கு முதல் தலைவராக இருந்தவரும் அவரே. தாமே பியானோ பயின்றவர். கர்நாடக சங்கீதத்தில் தொண்ணூறுக்கு மேற்பட்ட கீர்த்தனங்கள் இயற்றியவர். லண்டனில் நோய்வாய்ப்பட்டு, அனேகமாக மறக்கப்பட்டிருந்த மெட்னர் என்ற ருஷ்ய இசைப்புலவரின் படைப்புகளை இசைத்தட்டில் பதிவு செய்யப் பொருள் உதவினார். அந்த நன்றிக்காக மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இயற்றிய கடைசிப் பாடல்கள் நான்கு, 1950ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முதலாக அரங்கேறியபோது, அந்நிகழ்ச்சிக்குப் பொருட்பொறுப்பு ஏற்றவரும் அவரே.

மைசூர் அரசின் செல்வத்துக்குக் காரணமானவற்றுள் நம் சுரங்கமும் ஒன்று. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு எடுத்த தங்கத்திற்கு அவ்வரசுக்கு உரிமைத்தொகை செலுத்தப்பட்டு வந்தது. அத்தங்கத்தைப் பாறையிலிருந்து பெயர்த்தவர்கள் யார்? வடார்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் மூட்டை முடிச்சுடன் வந்த நம் பாட்டன்மார். மகாராஜா கொடுத்த பவுனில் அவர்கள் வியர்வை இவ்வளவு என்று கணக்குக் காட்ட ஒருவராலும் இயலாது. நானும் அவ்வாறு கணக்கெழுத முற்படவில்லை. ஆயினும் அந்தச் சங்கீதத்தின் வாயிலில் நாம் அழையா விருந்தாளிகளாக நிற்க வேண்டுவதில்லை என்பதற்கு இது போதும்.

இது நிற்க. இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒன்றும் தெரியாதவன் எப்படிக் கேட்பது? மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன் நான். இசையை ஏட்டில் படிக்க எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கச்சேரி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே சென்று அமர்ந்துவிடுங்கள். வாசிப்பவர்கள் சுருதி சேர்ப்பதே கேட்கத்தக்கது. முதலில் ஓபோ என்னும் மெல்லிய குழல் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடிக்கும். மற்றக் கருவிகள் யாவும் அதனோடு தம்மைச் சேர்த்துக்கொள்ளும். நம் கச்சேரியில் தம்பூரா செய்யும் வேலையை இங்கு ஓபோ செய்கிறது. ஆனால் தொடக்கத்தில் மட்டும். பின்னர் அவர்கள் அமர்ந்திருக்கும் முறையைக் கவனியுங்கள். தந்திக் கருவிகள் முன்னே, மரக்குழல்கள் நடுவே, பித்தளைக் குழல்களும் பெரிய முரசுகளும் பின்னே. ஓசை மெலிந்தவர் முன்னும், ஓசை மிக்கவர் பின்னுமாக அமர்வதனால்தான் ஒலிபெருக்கி இல்லாமலே எல்லாம் கலந்து கேட்கின்றன. தனி வயலின் ஒன்றன் ஓசை பெரிதன்று. ஆகையால் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வரியை ஒன்றாக வாசிக்கிறார்கள். அவர்களுடைய வில்கள் ஒரே திசையில் ஏறி ஒரே திசையில் இறங்குவதைக் காண்பது கண்ணுக்கு விருந்து.

ஒரு சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒரு பகுதி முடிந்தவுடன் கை தட்டும் வழக்கம் இக்கச்சேரிகளில் இல்லை. நான்கும் முடிந்த பிறகே தட்டுவார்கள். நமக்கு ஐயமாக இருந்தால், நடத்துபவர் கோலைத் தாழ்த்திவிட்டு நம் பக்கம் திரும்பும் வரையில் காத்திருந்தால் போதும்.

சும்மா இருப்பவர்களையும் பாருங்கள். இதனை ரயில்வேக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். 1808ஆம் ஆண்டில் வியன்னாவில் அரங்கேறிய பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி அரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது. அதில் டிராம்போன் வாசிப்பவர் மூவர். முதல் மூன்று பகுதிகளிலும் அவர்களுக்கு ஒரு ஸ்வரங்கூட இல்லை. கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான்காம் பகுதி தொடங்கும் அந்தக் கணத்தில் மூவரும் தவறாமல் சேர வேண்டும். பாயின்ட்ஸ்மேன் இரவெல்லாம் விழித்திருந்து, வண்டி வரும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தன் கடமையைச் செய்வது போன்றது அது. சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கிய வைண்டிங் என்ஜின்காரர்களின் பிள்ளைகளுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. பலர் கூடி, ஒருவர் கையசைவை நம்பி, தத்தம் வேளையில் தத்தம் வேலையைப் பிழையின்றிச் செய்வதே இச்சங்கீதம். இதனை ரசிக்கத் தொழிலாளிகளைவிடத் தகுதி பெற்றவர் யார்?

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. கைப்பேசியில் கேட்டால் ஆகாதா? பல சமயங்களில் ஆகும். வேறு வழி இல்லாதபோது நானும் அவ்வாறுதான் கேட்கிறேன். ஆனால் கண்ணால் காணாவிட்டால் பாதி விளங்காத சங்கீதமும் உண்டு. அதற்குச் சான்றாக ஹைடன் என்பவர் 1772ஆம் ஆண்டில் எழுதிய 45ஆம் சிம்பொனியின் கதையைக் கூறுகிறேன். இதற்குப் 'பிரியாவிடை' என்றே பெயர் வழங்குகிறது.

ஹைடன் வண்டிச்சக்கரம் செய்யும் தச்சருடைய மகன். எஸ்தர்ஹாசி என்ற பிரபுவின் அரண்மனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த வாத்திய கோஷ்டித் தலைவர். அந்தப் பிரபு, ஹங்கேரி நாட்டில் ஊர்களை விட்டு விலகிய சதுப்பு நிலத்தில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டு, ஆண்டில் பல மாதங்கள் அங்கேயே தங்குவார். வாத்தியக்காரர்களும் உடன் தங்க வேண்டும். ஆனால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மனைவி மக்களை அழைத்துவர அனுமதி இல்லை. குடும்பங்கள் ஐசன்ஸ்டாட் என்னும் ஊரில் காத்திருந்தன. 1772இல் பிரபு வழக்கத்தைவிட நெடுநாள் தங்கிவிட்டார். வாத்தியக்காரர்கள் தங்கள் தலைவரிடம் முறையிட்டார்கள். ஹைடன் மனுப் போடவில்லை. ஒரு சிம்பொனி எழுதினார்.

அதன் கடைசிப் பகுதி வேகமாகத் தொடங்கித் திடீரென்று நின்று, மெதுவான இசையாக மாறுகிறது. அப்போது முதல் ஓபோக்காரரும் ஹார்ன் வாசிப்பவர்களுள் ஒருவரும் தங்கள் வரியை முடித்துக்கொண்டு, மேசைமீதுள்ள மெழுகுவத்தியை அணைத்துவிட்டு, கருவியுடன் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். அடுத்துப் பஸூன். பிறகு மற்ற ஓபோவும் ஹார்னும். பிறகு டபுள் பாஸ், செல்லோ, வயலின்கள், வயோலா. இறுதியில் எஞ்சுவன இரண்டே வயலின்கள். அவ்விரண்டும் அடங்கிய குரலில் சிறிது நேரம் பேசிவிட்டு ஓய்கின்றன. முதன்முறை வாசிக்கப்பட்டபோது அவ்விருவர் ஹைடனும் டொமாசினி என்பவரும் ஆவர் என்பர். பிரபு குறிப்பை உணர்ந்துகொண்டார். மறுநாளே அரண்மனைப் பரிவாரம் ஊருக்குப் புறப்பட்டது என்று அக்கதை முடிகிறது.

சில மாதங்களுக்கு முன் பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் மாணவர்களும் ஆசிரியர்களுமாக இருபத்தைந்து பேர் இதனை வாசித்தார்கள். எங்கள் எதிர் லைனில் குடியிருக்கும் பெரியவர் ஒருவரின் பேத்தி அக்கல்லூரியில் படிக்கிறாள். அவள் இரண்டு அனுமதிச்சீட்டுகள் கொடுத்திருந்தாள். துணைக்கு நான் போனேன். பெரியவர் முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷின் பிடித்தவர். அந்த இரைச்சலில் செவிப்புலன் பாதி போய்விட்டது. ஆகையால் முன் வரிசையில் அமர்ந்தோம். முதல் மூன்று பகுதிகளும் அவருக்கு எவ்வளவு எட்டின என்று எனக்குத் தெரியாது. அமைதியாக இருந்தார்.

கடைசிப் பகுதியில் ஓபோ வாசித்த பெண் எழுந்து, தன் மேசைமீதிருந்த சிறு மின்விளக்கை அணைத்துவிட்டு வெளியேறியபோது, பின்வரிசை மாணவர் சிலர் சிரித்தனர். அடுத்தவர் எழுந்தபோதும் சிரிப்பு எழுந்தது. டபுள் பாஸ்காரர் அந்தப் பெரிய கருவியைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து மறைந்தபோது அரங்கில் ஓசை இல்லை. பெரியவர் முன்னே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இரண்டு விளக்குகள் எஞ்சின. பிறகு அவையும் இல்லை.

திரும்பி வரும்போது, பங்காரப்பேட்டை வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை. அங்கு வண்டி நின்றபோது சொன்னார்: "தம்பி, நம்ம லைன்லயும் இப்படித்தான். சுரங்கம் மூடினப்புறம் இந்த மாசம் ஒரு வீடு, அடுத்த மாசம் ஒரு வீடு. ராத்திரி வெளிய வந்து பார்த்தா ஒரு விளக்கு குறைஞ்சிருக்கும். யார் போனாங்கன்னு மறுநாள்தான் தெரியும். சொல்லிக்கக்கூட இல்லாம போனாங்க. இவங்க ஒவ்வொருத்தரும் வாசிச்சு முடிச்சுட்டுல்ல போறாங்க!"

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், எங்கோ ஒரு தேசத்தில், வீட்டு நினைவு மிகுந்த வேலைக்காரர்களுக்காக எழுதிய இசை அது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பத்தில் பிறந்து, இப்போது பிள்ளைகளை மறுபடியும் வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது உரையாசிரியர் உதவியின்றி விளங்கிற்று. அவர் செவியால் கேட்டது குறைவு. கண்ணால் கேட்டதே மிகுதி. கைப்பேசியில் கேட்டிருந்தால், வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்கின்றன என்பதற்குமேல் என்ன தெரிந்திருக்கும்? எழுந்து செல்லும் அந்த நடை தெரிந்திராது. காலியான நாற்காலி தெரிந்திராது. சிரித்த மாணவர்கள் தாமே அடங்கியதும் தெரிந்திராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். வயலினோ டிரம்பெட்டோ கற்க விரும்பும் பிள்ளையிடம், 'அது பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். ஏ. ஆர். ரஹ்மான் 2008ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரியில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியம் பயிற்றி, 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற கோஷ்டியாகவே அமைத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் மாதா கோயில் பாடகர் குழுக்களிலும், பள்ளிக்கூடப் பேண்டிலும், கலியாணப் பேண்டிலும் நல்ல கை உடையவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு முறையேனும் முழு வாத்திய கோஷ்டியை நேரில் கண்டால், தங்கள் கருவி எவ்வளவு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அறிவார்கள்.

இசைப்பவர்களின் பக்கத்து நியாயமும் ஒன்று உண்டு. சினிமா ஒலிப்பதிவுக்கூடங்களில் ஒரு காலத்தில் ஐம்பது வயலின்காரர்கள் அமர்ந்து வாசித்த வரியை, இன்று கணிப்பொறி முன் அமர்ந்து ஒருவரே அமைத்துவிட முடிகிறது. மெல்லிசை மேடைகளிலும் பதிவு செய்த இசையைப் போட்டுவிட்டு, மேலே பாடுவது மட்டும் வழக்கமாகி வருகிறது. இயந்திரம் வந்தால் ஆள் குறைவது என்னவென்று நம் ஊருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். நேரில் கேட்க ஆள் வரும் வரையில்தான் நேரில் வாசிப்பவருக்கு வாழ்வு உண்டு. அரங்கின் நாற்காலியில் நாம் அமர்வது நம் இன்பத்துக்காக மட்டும் அன்று.

இனி, நடைமுறைச் செய்தி. பெரும்பாலான கச்சேரிகள் மாலையில் நடப்பவை. நமக்குள்ள இடையூறு திரும்பும் வண்டியே. ஆகையால் சனி, ஞாயிறுகளில் பிற்பகலில் தொடங்கும் கச்சேரிகளை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். போகும்போதே திரும்புவதற்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிடுங்கள். நடைவழியை ஒட்டிய இருக்கையில் அமருங்கள். நேரமானால் ஒரு படைப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் எழுந்து வரலாம், எவருக்கும் இடைஞ்சல் இராது. குழந்தைகளுக்குக் கட்டுச்சோறு வேண்டும். அரங்குக்கு வெளியே உண்ணலாம். பெண்கள் தனியே திரும்ப வேண்டாமல் நான்கு குடும்பங்கள் சேர்ந்து செல்வது நலம்.

கல்லூரிக் கச்சேரி விளம்பரங்களைக் காணும் அன்பர்கள், நாளும் நேரமும் அனுமதி விவரமும் குறித்துச் சங்கத்து வாசகசாலையில் கொடுத்தால், அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளர் இசைந்திருக்கிறார். உடன் வர விரும்புவோர் அப்பலகையின் கீழேயே பெயரை எழுதலாம். ஐந்து பேர் சேர்ந்தாலும் போதும். வண்டி நேரங்களைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. எதிர் லைன் பெரியவர் தம் பெயரை முதலாவதாக எழுதச் சொல்லியிருக்கிறார்.